ஏலக்காரி மெல்லப் பேசிய வாரம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுங்கள். இது எட்ட நின்று கேட்கிற கதை இல்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் மரியாதை கொடுக்கப் போய், மரண பயம் வரைக்கும் எட்டிப் பார்த்துத் திரும்பிய கதை. யாரும் சாகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலருக்கு நெஞ்சு லேசு, பாதியிலேயே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அந்தப் பெண் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவள். லாரிகள் வந்து மூட்டைகளை இறக்கியதும் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று வாயைத் திறப்பாள். சந்தையின் அந்தக் கோடியில் முட்டைக்கோஸ் அடுக்குகிறவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அவளுக்கு ஒரு தடவை மைக் வைத்துப் பார்த்தார்கள். மைக் தாங்கவில்லை. சந்தையில் எல்லாரும் ஏலக்காரி என்றே கூப்பிட்டார்கள், வீட்டிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. "உப்பை எடு" என்று அவள் சமையலறையில் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரி உப்போடு வந்து நிற்பாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊரில் உயரமாக நிற்கிற கட்டடம் எதை எடுத்தாலும் அதன் லிஃப்ட் அவர் கை பட்டதுதான். ஆனால் சொந்த வீட்டில் ஒரு திருகாணியைத் தொட மாட்டார். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஜன்னல் கொக்கி ஆடும். படுக்கையறைக் கதவு, திறக்கும்போதெல்லாம் பூனை வாலை மிதித்த மாதிரிக் கத்தும்.

"யோவ், ஊருக்கெல்லாம் மேலயும் கீழயும் ஓட்டுறல்ல? இந்தக் குழாயை மூட உனக்குக் கை வராதா?" என்று அவள் கேட்பாள்.

"நாளைக்கு" என்பார் அவர்.

"உன் நாளைக்கு என்னைக்குய்யா வரும்?"

"நாளைக்கு."

இப்படியே பிள்ளை வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்கும் போயாயிற்று. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளில் ரேடியோவைப் போட்டுவிட்டுக் கண்ணயர்வார்கள் அல்லவா, அந்த மாதிரி அவர் பெண்டாட்டி திட்டுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவார். அவள் திட்டுவதை நிறுத்தினால் விழித்துக்கொள்வார்.

அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பையையே எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, முழு மயக்கம் கொடுத்துச் செய்வோம் என்றார். நாளும் குறித்தார்கள்.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் ஒரு பெண். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, சிரித்தால் பல்லெல்லாம் தெரியும். மயக்க டாக்டர் என்றுதான் அந்த ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம். அவர் ஓர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அதைப் பற்றி மெக்கானிக்கிடம் பேச வந்தார்.

"ஐயா, மயக்கத்துல இருக்கும்போது நடக்கிறது எதுவும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஆனா காது முழுசா தூங்குதா, ஓரமா முழிச்சிருக்கான்னு எங்களுக்கே இன்னும் சரியா தெரியல. அதனால எல்லாருக்கும் காதுல ஹெட்ஃபோன் மாட்டுறோம். சில பேருக்கு அதுல ஆறுதலா ஒரு குரல் பேசும். சில பேருக்குச் சும்மா இருக்கும். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். உங்களுக்கும் தெரியாது, ஆபரேஷன் பண்றவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"அப்புறம்?"

"அப்புறம் யாருக்கு வலி குறைவு, யாருக்கு வாந்தி இல்ல, யாரு குழப்பம் இல்லாம முழிக்கிறாங்க, யாரு சீக்கிரம் எழுந்து நடக்கிறாங்கன்னு பார்ப்போம். குரல் உதவுதுன்னா நாளைக்கு வர்றவங்களுக்கெல்லாம் போடலாம். உதவலன்னா ஹெட்ஃபோனைக் கழட்டிடலாம். இதுல நீங்க சேராட்டியும் உங்க ஆபரேஷன் அதே மாதிரிதான் நடக்கும். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்."

"யாரோட குரல்?"

"அதை மட்டும் கடைசியிலதான் சொல்வோம். இப்பவே தெரிஞ்சா அதையே எதிர்பார்த்துக்கிட்டுப் படுப்பீங்க. அப்ப வேலை செஞ்சது குரலா, எதிர்பார்ப்பான்னு புரியாம போயிடும்."

மெக்கானிக்குக்குக் கருவி, சோதனை என்றால் பிடிக்கும். "ஒண்ணை ஓட்டிப் பார்க்காம நல்லா ஓடுதுன்னு நான்கூடச் சொல்ல மாட்டேன் டாக்டர். சேத்துக்குங்க" என்றார்.

அவரைச் சோதிக்க ஒரு நர்ஸ் வந்தாள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஒரே கேள்விகளைக் கேட்டு, மூளை பழைய நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது அவள் வேலை. கேள்வி நர்ஸ் என்று பெயர்.

"கிழமைகளைத் தலைகீழா சொல்லுங்க ஐயா."

"சனி, வெள்ளி, வியாழன்…" என்று இறங்கியவர் புதனில் நின்றார். "இருங்க சிஸ்டர். நடுவுல ஒரு மாடி விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல, சரியாத்தான் இறங்குறீங்க" என்று சிரித்தாள் அவள்.

இனிமேல்தான் விஷயம். அந்தக் குரல் வேறு யாருடையதும் இல்லை. நோயாளிக்கு நெருங்கினவர் ஒருவர் பேசிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும், இதுதான் ஆராய்ச்சி. மெக்கானிக்குக்கு நெருங்கினவள் யார்? நம் ஏலக்காரி. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் முடியும் வரை அவரிடம் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பதிவு செய்கிற இடம் ஒரு பழைய துணி அறை. அலமாரியில் வெளுத்த போர்வைகளும் தலையணை உறைகளும் அடுக்கியிருந்தன. சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு மைக், சின்ன விளக்கு. எல்லாருக்கும் ஒரே வாசகம்தான், அச்சடித்துக் கொடுத்தார்கள். 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி இருப்பவர்கள் உங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வலி மெல்ல மெல்ல விலகிப் போகிறது.' அப்படியே ஒரு பக்கம்.

ஏலக்காரி தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்!"

மயக்க டாக்டர் காதிலிருந்து ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். வெளியே வராந்தாவில் போன ஒருவர், "நல்லாத்தாங்க இருக்கேன், நன்றி" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, அவரு மயக்கத்துல இருக்கணும். இப்படிச் சொன்னீங்கன்னா பாதி ஆபரேஷன்ல எழுந்து மூட்டை தூக்கப் போயிடுவாரு."

"மெதுவாத்தானே டாக்டர் சொன்னேன்?"

டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "வீட்டுல அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?"

"யோவ்னு."

"அதை 'என்னங்க'ன்னு மாத்திச் சொல்லிப் பாருங்களேன். ஒரு வாரம் இருக்கு. வீட்டுல சாதாரணமா பேசும்போதே குரலை இறக்கிப் பழகுங்க, தானா வந்துடும்."

"இது அவருக்கு நல்லது பண்ணுமா டாக்டர்?"

"பண்ணுமான்னு தெரிஞ்சுக்கத்தாம்மா இவ்வளவு பாடு. பண்ணலாம்."

அவளுக்கு அந்தப் 'பண்ணலாம்' போதும். "அந்தாளு வலியில சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன் டாக்டர். அது ஒரு துளி குறையும்னா நான் ஊமையாக்கூட இருந்துட்டுப் போறேன்" என்றாள். அதையும் சத்தமாகத்தான் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினார். சமையலறையிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு குரல் வந்தது.

"என்னங்க, டீ குடிக்கிறீங்களா?"

மெக்கானிக் திரும்பித் தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை.

"என்னையா கேட்ட?"

"உங்களைத்தாங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது, பிஸ்கட்டோடு. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், வாய் துடித்தது, அடக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குக் கண்ணே மூடவில்லை. திட்டாத பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருந்தால் மனுஷன் எப்படித் தூங்குவான்?

விடிந்தும் அதே 'என்னங்க.' அதற்கடுத்த நாளும் அதேதான். அவர் யோசித்தார். பழுது பார்க்கிறவர் புத்தி அல்லவா, சத்தம் மாறினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்றுதான் போகும். ஆஸ்பத்திரியில் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்ததிலிருந்து இப்படி. அப்படியென்றால் கல் மட்டும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதை இவளிடம் சொல்லியிருக்கிறார்கள், என்னிடம் மறைக்கிறாள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போய், தனக்கு நாள் எண்ணிவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

அவளுடைய தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மெக்கானிக் போய் அவன் வேனில் ஏறி உட்கார்ந்தார். குழந்தைகள் இறங்கிப் போன காலி வேன்.

"மச்சான், உங்க அக்கா எனக்கு மரியாதை கொடுக்கிறா."

தம்பி வண்டியை ஓரம் கட்டினான். "என்ன மாமா சொல்றீங்க? திட்டலையா?"

"திட்டல."

"ஒரு தடவைகூட?"

"நேத்து டம்ளரைக் கீழ போட்டு உடைச்சேன். 'பரவாயில்லைங்க, கையில படலையே'ன்னா."

தம்பியின் முகம் வெளுத்தது. "மாமா, எங்கம்மா போனப்பகூட அக்கா டாக்டரைத் திட்டினா, சொந்தக்காரங்களைத் திட்டினா, என்னைத் திட்டினா. அவ திட்டாம நான் பார்த்ததே இல்ல."

"அதான்டா. நீ கேட்காதே. நானும் கேட்கல. கேட்டா அவ உடைஞ்சு போயிடுவா. அவளா சொல்றப்ப சொல்லட்டும். இல்ல, சொல்லாமயே இருக்கட்டும்."

தம்பி வண்டியைக் கிளப்பினான். மறுநாள் காலையில், எந்தக் காலத்திலோ இரவல் வாங்கிப்போன ஏணியைத் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அந்த ஏணியைப் பார்த்த பிறகு மெக்கானிக்குக்குக் கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. கருவிப்பெட்டியை எடுத்தார். குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஜன்னல் கொக்கியை இறுக்கினார். படுக்கையறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார், பூனை அடங்கியது. மெயின் சுவிட்சைக் காட்டி, "மழை வந்தா இதை இறக்கிடணும், சரியா? நீ இருட்டுல தடுமாறக்கூடாதும்மா" என்றார்.

'ம்மா' என்றார், கவனியுங்கள். அடியே இல்லை, ஏலக்காரி இல்லை.

இப்போது பயப்படுவது அவள் முறை. எத்தனை வருஷமாகக் கத்திக் கத்திச் செய்யாத வேலையெல்லாம் ஒரே மூச்சில் செய்கிறார். குரலும் குழைகிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு மனசு ஏதாவது முன்கூட்டியே சொல்லுமாமே! இவருக்கு என்ன தோன்றியதோ? கத்தி உலுக்கிக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். பழகிக்கொண்டிருக்கிற குரல் நினைவுக்கு வந்தது. கத்தினால் பாழாகிவிடுமோ, பதிவு கெட்டுவிடுமோ, அவருக்கு வலி கூடிவிடுமோ?

"என்னங்க, எதுக்குங்க இப்ப இதெல்லாம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"சும்மாதாம்மா" என்று அவரும் மெல்லச் சொன்னார்.

அவள் மெல்லப் பேசப் பேச அவர் பயந்தார். அவர் பயந்து குழையக் குழைய அவள் நடுங்கினாள். அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி. பக்கத்து வீட்டுக்காரி சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள் போல என்று தன் புருஷனிடம் சொன்னாளாம்.

சந்தையில் இன்னும் கூத்து. ஏலக்காரி பெட்டி மேல் ஏறி, நினைவெல்லாம் வீட்டில் இருக்க, "தக்காளி வந்திருக்குங்க, யாருக்காவது வேணுமாங்க?" என்றாள். எல்லாரும் காதைக் குவித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். முட்டைக்கோஸ்காரன் ஓடி வந்து, "அக்கா, தண்ணி குடிக்கிறியா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்று கேட்டான்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் துணி அறையில் இரண்டாம் தடவை பதிவு செய்தார்கள். ஏலக்காரி வாசித்தாள். குரல் அத்தனை மென்மை. கடைசி வரியில் லேசாக நடுங்கியது. மயக்க டாக்டர், "இவ்வளவு அழகா யாருமே படிச்சதில்லம்மா" என்றார். ஏலக்காரி ஒரு தலையணை உறையை எடுத்து முகத்தை அழுத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார் டாக்டர்.

மறுநாள் காலை. மெக்கானிக்கைப் பின்னால் முடிச்சுப் போடுகிற அங்கி மாட்டித் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, கேள்வி நர்ஸ் லிஃப்டில் ஏற்றினாள். கதவு மூடும்போது ஒரு கிறீச். மெக்கானிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"மேல்மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு சிஸ்டர். எங்க கம்பெனியில சொல்லிடுங்க. எனக்கு வந்து பார்க்க வாய்க்குமோ என்னவோ."

"ஏன் ஐயா, ஒரு வாரத்துல நீங்களே வேலைக்குப் போயிடலாமே?"

அவர் பெரிய மனசோடு அவளைப் பார்த்துச் சிரித்தார். பாவம், சின்னப் பெண், இவளிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் அறைக்கு முன்னால் காத்திருக்கிற அறை ஒன்று. திரை கட்டிய படுக்கைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்கள் ஓடுகிற ஒரு கருவி. விரலில் கவ்வி, கையில் பட்டை. கருவி அவருடைய ரத்த அழுத்தத்தைக் காட்டியது. மயக்க டாக்டர் பார்த்தார், முகம் சுருங்கியது. மறுபடி அளக்கச் சொன்னார். இன்னும் ஏறியிருந்தது.

"ஐயா, ரொம்பப் பயமா இருக்கா? இப்படி ஏறினா நான் மயக்கம் கொடுக்க யோசிக்கணும். தள்ளிக்கூட வைக்க வேண்டியிருக்கும். என்ன விஷயம்?"

"தள்ளி வைக்கிறதுல என்ன பிரயோசனம் டாக்டர்? எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அவ எதுவும் சொல்லல. அவளைத் திட்டாதீங்க. ஆனா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து யோவ்னு கூப்பிட்டவ ஒரு வாரமா என்னங்கன்னு கூப்பிடுறா. தேன் மாதிரி பேசுறா. இதுக்கு மேல எனக்கு எதுக்கு டாக்டர் ஸ்கேன்?" அவர் கொஞ்சம் எழுந்து உட்காரப் பார்த்தார். "எத்தனை நாளு? அதை மட்டும் சொல்லிடுங்க. அவளுக்குன்னு சில ஏற்பாடு பண்ணி வைக்கணும். குழாயை மாத்திட்டேன். மொட்டைமாடித் தொட்டி மட்டும் பாக்கி."

மயக்க டாக்டருக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா என்று பக்கத்தில் நின்ற கேள்வி நர்ஸுக்குத் தெரியவில்லை. டாக்டர் அவளைத் திரைக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்க் காதில் சொன்னார்.

"அய்யோ" என்றாள் நர்ஸ். "ஆனா டாக்டர், இப்ப உண்மையைச் சொல்லிட்டா யாரோட குரல்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அவரை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடணும்."

"தெரியும்."

"இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நாம இழக்கல. நான் அதை எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"தெரியும்டா. ஆனா மனுஷன் தன்னைச் சாகடிக்கக் கூட்டிட்டுப் போறாங்கன்னு நினைச்சுக்கிட்டுத் தூங்கப் போறாரு. ஆராய்ச்சி அவருக்காகத்தானே, அவரு ஆராய்ச்சிக்காகவா? போய் அந்தம்மாவைக் கூட்டிட்டு வா."

ஏலக்காரிக்குத் தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, மேலே பச்சை அங்கி போட்டுக் கூட்டி வந்தார்கள். இந்த நேரத்தில் உள்ளே கூப்பிடுகிறார்கள் என்றால் ஏதோ கெட்டது என்று அவள் நினைத்தாள். வந்து படுக்கையோரம் நின்றாள்.

"என்னங்க…" என்றாள், காற்று மாதிரி.

கருவி கிணுகிணு என்று மணி அடித்தது. அழுத்தம் இன்னும் ஏறிவிட்டது.

"அம்மா, வேணாம்" என்று டாக்டர் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அந்தக் குரல் போதும். பழைய மாதிரி பேசுங்க."

"அப்ப பயிற்சி?"

"ரத்து."

மெக்கானிக் அவள் கையைப் பிடித்தார். "நீ மறைச்சு மறைச்சு வாடினது போதும்மா. உங்கிட்ட என்ன சொன்னாங்க? எத்தனை மாசம் இருப்பேன்?"

ஏலக்காரி அவரைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். ஏணி ஞாபகம் வந்தது, குழாய் ஞாபகம் வந்தது, கதவு ஞாபகம் வந்தது. ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்தது.

"யோவ்!"

மேசைமேல் இருந்த எஃகுத் தட்டு அதிர்ந்தது. அந்த அறையில் படுத்திருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"எத்தனை மாசமா? என் தலையில வந்து விடிஞ்சதுக்கு நீ நூறு வருஷம் இருந்து தொலைக்கணும்யா! ஒரு பொம்பளை நாலு நாள் அடக்கமா பேசினா உனக்கு அது சாவு செய்தியா? அந்த மெத்தை ரூம்ல உக்காந்து தொண்டை வத்த வத்தப் பழகினேன்யா உனக்காக! மயக்கத்துல உன் காதுல நல்ல வார்த்தை விழட்டும்னு! அந்தக் குரல் என் குரல்யா, மடப்பயலே! சந்தையில எனக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடப் பார்த்தான் முட்டைக்கோஸ்காரன்! நீ என்னடான்னா சாகப் போறவன் மாதிரி சுவிட்சைக் காட்டுற! நீ குழாய் மாத்தினதைப் பார்த்து நான் ராத்திரியெல்லாம் அழுதேன்யா! சும்மா இருக்கிறவன் எவனாவது குழாய் மாத்துவானா?"

"கல் மட்டும்தானா?" என்று கேட்டார் அவர்.

"கல்லுதான்யா! உன் மண்டைக்குள்ள இருக்கிறதும் அதேதான்!"

கேள்வி நர்ஸ் டாக்டரின் முழங்கையைத் தொட்டுக் கருவியைக் காட்டினாள். எண் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் திட்டத் திட்ட, லிஃப்ட் மாடி மாடியாக இறங்குகிற மாதிரி இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. மெக்கானிக்கின் முகம் அப்படியே தளர்ந்து, வாய் காதுவரைக்கும் விரிந்துவிட்டது.

அடுத்த படுக்கையில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நடுங்கின குரல் கேட்டது. "சிஸ்டர், எங்க வீட்டுக்காரி வெளியில உக்காந்திருக்கா. அவளையும் கொஞ்சம் கூப்பிடுறீங்களா?"

ஹெட்ஃபோன் இல்லாமல்தான் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கையிலிருந்த ஊசி வழியாகப் பால் மாதிரி வெள்ளை மருந்து ஏறியது. "நல்லதா ஏதாவது நினைச்சுக்குங்க ஐயா" என்றார் மயக்க டாக்டர்.

"கீழ்த்தளத்துக்குப் போறேன் டாக்டர். கதவைத் திறந்து…" என்றார். அதற்குள் தூங்கிவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார்கள். மிளகு அளவுதான். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று ஏலக்காரி அதையும் திட்டினாள். தம்பியும் வந்துவிட்டான். விஷயத்தைக் கேட்டதும், "அப்ப அந்த ஏணியை நான் திரும்ப எடுத்துக்கவா?" என்றான்.

ஆனால் மெக்கானிக் கண் விழிக்கவில்லை. மயக்கம் தெளிய வைக்கிற அறையில் கதகதப்பான போர்வைக்குள் கிடந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் விழித்துத் தண்ணீர் கேட்டு, வார்டுக்கும் போய்விட்டார்கள். மூச்சு, நாடி எல்லாம் சரியாக இருந்தது. சிலருக்கு நேரம் எடுக்கும் என்றார் மயக்க டாக்டர். சொல்லிவிட்டு அவரே அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தார். கேள்வி நர்ஸ் குனிந்து, "ஐயா, கண்ணைத் திறங்க. என் கையை அழுத்துங்க. இது எந்த இடம்?" என்று கேட்டாள். பதில் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏலக்காரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டு நின்றாள். இப்போது அவள் திட்டவில்லை. தம்பி அதைக் கவனித்தான், அவனுக்கும் பயமாகிவிட்டது. டாக்டர் கதவைத் திறந்து, "உள்ள வாங்கம்மா" என்றார்.

அவள் போய் அவர் தலைமாட்டில் நின்றாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். என்ன பேசுவது? மனப்பாடமான அந்த ஒரு பக்கமும் நினைவுக்கு வந்தது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். வாயைத் திறந்து, அதை விழுங்கிவிட்டாள்.

"யோவ். குழாய் மறுபடி சொட்டுதுய்யா."

ஒன்றும் நடக்கவில்லை. போர்வை ஏறி இறங்கியது.

"கேக்குதா? பயந்துக்கிட்டு மாத்தினா இப்படித்தான். விடிஞ்சதுல இருந்து சொட்டிக்கிட்டே இருக்கு. எப்பய்யா சரி பண்ணுவே?"

மெக்கானிக்கின் உதடு அசைந்தது. கண்ணைத் திறக்காமலே, வறண்டுபோன தொண்டையால், நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார்.

"நாளைக்கு."

ஏலக்காரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரியின் எத்தனை மாடிக்குக் கேட்டதோ தெரியாது. கேள்வி நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வேலையை விடாமல், "ஐயா, கிழமைகளைத் தலைகீழா சொல்லுங்க" என்றாள். சனியில் ஆரம்பித்து ஞாயிறு வரைக்கும், ஒரு மாடிகூட விடாமல் இறங்கினார்.

அவர் ஆராய்ச்சியிலிருந்து விலகியதற்குக் காரணம் எழுத வேண்டும் அல்லவா? கேள்வி நர்ஸ் வெகு நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'மனைவி திடீரென்று மரியாதையாகப் பேசியதால் நோயாளிக்குக் கடும் பீதி' என்று எழுதினாள். அதைப் படித்து மேலதிகாரிகள் சிரித்த சிரிப்பில் ஆராய்ச்சிக் கூட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க வேண்டியிருந்ததாம். மயக்க டாக்டர் அதே கூட்டத்தில் எழுந்து, நடக்கிற ஆராய்ச்சி அதன்படி முடியட்டும், அடுத்ததில் அச்சடித்த வாசகத்தோடு இன்னொரு பிரிவும் வேண்டும், அதில் அவரவர் வீட்டில் பேசுகிறபடி பேசட்டும் என்று கேட்டு அனுமதி வாங்கினார்.

இப்போது அந்தத் துணி அறைப் பக்கம் போனால் மெத்தைச் சுவரையும் மீறிச் சத்தம் கேட்கும். ஒரு கொத்தனார் தன் அம்மாவோடு பேசுகிற மாதிரி மைக்கோடு சண்டை போடுகிறார். ஒரு பெண் தன் அக்காவைக் கேலி பண்ணிப் பண்ணித் தானே சிரித்துக்கொள்கிறாள். தயங்கி உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தைரியம் சொல்ல, சந்தை முடிந்த பிறகு ஏலக்காரி வந்து உட்காருகிறாள். இதெல்லாம் உதவுமா என்று டாக்டரைக் கேட்டால், "இன்னும் தெரியாது. ஒருத்தருக்கு நடந்ததை வச்சு எல்லாருக்கும் சொல்லக்கூடாது" என்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

மெக்கானிக் வேலைக்குத் திரும்பியதும் முதல் காரியமாக அந்த ஆஸ்பத்திரி லிஃப்டின் உருளையை மாற்றினார். வீட்டுக் குழாயைக் கேட்காதீர்கள். கதவுக் கீலுக்கு விட்ட எண்ணெயும் காய்ந்து, பூனையும் திரும்பி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி பழையபடி உப்போடு ஓடி வருகிறாள்.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் தூங்கப் போகிறவர்களெல்லாம் பயமில்லாமல் தூங்கட்டும், போன இடத்திலிருந்து வலியில்லாமல் திரும்பி வரட்டும். கண் திறக்கும்போது தலைமாட்டில் தெரிந்த குரல் ஒன்று காத்திருக்கட்டும். அது கொஞ்சுகிற குரலோ கத்துகிற குரலோ, உங்கள் வீட்டில் அது ஒரு நாளும் ஓயாமல் இருக்கட்டும். உங்கள் குழாய்கள் சொட்டினாலும் பரவாயில்லை, உங்களுக்கு நிறைய நாளைக்குகள் இருக்கட்டும்.